நவநாளின் ஏழாம் நாள்

பங்கு மக்களே, எனக்கு வயது எழுபத்தொன்பது. என் பாவத்தையும் ஆண்டவர் எனக்குச் செய்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

1974 ஆகஸ்டில் என் மனைவி ஞானம்மாளுக்கு ஏழாம் மாதம். சுகப்பிரசவத்துக்காக வீட்டில் ஒன்பது நாள் நவநாள் ஜெபம் சொல்லிவந்தோம். ஏழாம் நாள் அவளுக்கு ரத்தம் பட்டது.

“இன்னாங்க, வண்டி கட்டச் சொல்லுங்க. பயமா கீது.”

“ரெண்டே நாள்டி. நடுவுல வுட்டா நவநாள் செல்லாது” என்றேன்.

ஒன்பதையும் முடித்துத்தான் குருவிநத்தத்திலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அன்றே செசிலி பிறந்தாள். ஒன்றரைக் கிலோ.

இரண்டு வயது தாண்டியும் அவள் நிற்கவில்லை. கால்கள் விறைத்துப் பின்னிக்கொண்டன. டாக்டரம்மா விளக்கினார். கருவிலேயே மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்திருக்கிறது. மூளை சொல்வதைக் கால்களுக்குக் கொண்டுபோகும் வெள்ளைப் பகுதி ஆறாம், ஏழாம் மாதங்களில்தான் உருவாகிறது, அது பழுதாகிவிட்டது. அறிவுக்குக் குறையில்லை.

“எந்த நாள்ல குறைஞ்சுதுங்க?” என்று கேட்டேன்.

“அதை யாராலயும் சொல்ல முடியாது. மாசமா இருந்தப்ப ரத்தம் ஏதாவது பட்டுச்சா?”

ஞானம்மாள் என்னைப் பார்த்தாள்.

“இல்லீங்க” என்றேன்.

வீட்டில் என் அக்கா, “வவுத்துப் புள்ளையோட நாத்து நடப் போனா இப்டித்தான் ஆவும்” என்று அவளைக் குத்தினாள். நான் வாய் திறக்கவில்லை. ஞானம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பண்டசோழநல்லூருக்குத் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான்கு ஆண்டு இரண்டு மாதம். ஒரு தட்டு, ஒரு டம்ளர். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று அருள்நிறை மந்திரத்தையும் தனியே சொல்வேன். முடித்தால் பேச ஆளில்லை. பிள்ளை காலூன்றி நிற்கட்டும் என்றே வேண்டினேன். பதிலில்லை.

1981 பெரிய வெள்ளிக்கிழமை, சிலுவைப்பாதை நடுவில் மனம் உடைந்தது. “ஆண்டவரே, உண்மையைச் சொல்ல எனக்கு வாய் கொடு” என்றேன். அப்படியே எழுந்து வெயிலில் மூன்று மணி நேரம் நடந்தேன். மாமியார் வீட்டு வாசலில் எல்லார் முன்பும் சொன்னேன்: “ரத்தம் பட்டதை மறைச்சவன் நான். ரெண்டு நாள் நிறுத்தி வெச்சவனும் நாந்தான்.”

“எனக்குத் தெரியாததா? உங்க அக்கா எதிர்ல சொல்லுங்க. அப்பறம் பாக்கலாம்” என்றாள் ஞானம்மாள்.

ஈஸ்டர் பூசை முடிந்ததும் அக்கா எதிரில் சொன்னேன். மூன்றாம் நாள் தாயும் மகளும் வீட்டுக்கு வந்தார்கள். செசிலி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “நீதான் எங்கப்பாவா? இன்னா பாத்துகினு நிக்கிற? தூக்கு!”

அவள் கால்கள் நேராகவில்லை. ஊன்றுகோல்களோடு பள்ளிக்குப் போனாள், படித்தாள். அந்த இரண்டு நாள்தான் காரணமா என்று இன்றும் எனக்குத் தெரியாது. அதோடுதான் வாழ்கிறேன், தனியாக அல்ல.

அன்பானவர்களே, கர்ப்பிணிக்கு ரத்தம் பட்டால் உடனே வண்டி கட்டுங்கள்; மீதி ஜெபத்தை வழியில் சொல்லலாம். வீட்டாரிடம் சொல்ல முடியாமல் எதையாவது அடக்கி வைத்திருந்தால் அதைச் சொல்ல ஆண்டவரிடம் வாய் கேளுங்கள். கொடுப்பார். எனக்கே கொடுத்தார்.