முனிரத்தினத்தின் குட்டி பேஞ்சோ

போன வியாழக்கிழமை புத்தூரிலிருந்து தபால் வந்தது. மூலையில் கறுப்பு மை தடவியிருந்தது. முனிரத்தினம் போய்விட்டான். படித்ததும் கிழித்துப் போடச் சொன்னாள் என் மனைவி. இரண்டு நாள் அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன்.

புத்தூர் தாலுகா ஆபீசில் எங்களோடு வேலை பார்த்த நீங்கள் அவனுடைய குட்டி பேஞ்சோவை மறந்திருக்க மாட்டீர்கள். ரேணிகுண்டாவில் ஓர் இன்ஜின் டிரைவர் குடும்பம் சீமைக்குக் கப்பலேறியபோது விட்டுப்போனது. கஞ்சிரா அளவுக்குத் தோல் போர்த்திய வட்டம், முழ நீளக் கழுத்து, நான்கு தந்தி. பேஞ்சோ யுகுலேலே என்று முழுப் பெயரைச் சொன்னால் ஆபீசே சிரிக்கும். சாப்பாட்டு வேளையெல்லாம் அவன் புளி போட்டு அதன் பித்தளை வளையத்தைத் தேய்த்துக்கொண்டிருப்பான்.

அதன் தோல் கிழிந்திருந்தது. திருப்பதியில் மிருதங்கம் கட்டுபவரிடம் ஆட்டுத்தோல் வாங்கி வந்தோம். ஊறிய தோலின்மேல் வளையத்தை நான் அழுத்திப் பிடிக்க, சுற்றியிருந்த திருகுகளை அவன் முடுக்கினான். "இன்னும் முடுக்கு" என்று விரட்டியவன் நான்தான். ஈரத்தில் அவ்வளவு முடுக்கினால் காயும்போது தாங்குமா? மறுநாள் பகலில் ஆபீசிலேயே படாரென்று கிழிந்தது. தாசில்தாரே எழுந்து வந்துவிட்டார்.

"பர்வாலேது பா, வேற தோலு வாங்கிக்கினு வரலாம். இந்த வாட்டி காயவுட்டு முடுக்கலாம்" என்றான். விரட்டியது யார் என்று அவன் ஒருவரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது தோல் நின்றது.

பிறகு எல்லை பிரிந்தது. திருத்தணி மெட்ராஸ் பக்கம் வந்தது, புத்தூர் ஆந்திராவிலேயே இருந்தது. யாருக்கு எந்தப் பக்கம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். நான் மெட்ராஸ் என்றேன், அவன் ஆந்திரா என்றான். உங்கள் எல்லோர் முன்னாலும் அவனைத் தமிழ்த் துரோகி என்றேன்.

"அம்மா படுத்துக்கினு கீது, நெலம் இங்க கீது. நான் எங்கப்பா போவேன்?" என்றான். நான் எழுந்து போனேன். வெறும் வீம்பு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பேஞ்சோவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு ரயிலேறி என் திருத்தணி வீட்டுக்கு வந்தான். நான் வெளியூர் போயிருப்பதாகச் சொல்லும்படி மனைவியிடம் சொல்லிவிட்டு உள்ளறையில் உட்கார்ந்திருந்தேன். அவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பியது கேட்டது. அதன்பின் அவன் வரவில்லை. நானும் போகவில்லை.

காரியத்துக்குத்தான் போனேன். அவன் மனைவி பேஞ்சோவை எடுத்து வந்து, "நீங்க எடுத்துக்கினு போங்கண்ணா" என்றார். என் கை நீளவில்லை. அன்று அவன் வந்தபோது நான் ஊரில் இல்லை என்று உளறத் தொடங்கினேன். அந்த அம்மா குழம்பிப் போய் என்னைப் பார்த்தார்.

"ஊர்லதானே இருந்தீங்க? உங்க செருப்பு வாசல்ல இருந்திச்சாமே. 'அவருக்கு ஏதோ வேல, தொந்தரவு பண்ணாம வந்துட்டேன்'னு சொன்னாரே!"

அழுதுவிட்டேன். பேஞ்சோவை அந்த வீட்டிலேயே விட்டு வந்தேன். அவனுடையது என்று என்னிடம் இருப்பது ஒரு பொய் மட்டும்தான். என் மானத்தைக் காப்பாற்ற அவன் தன் மனைவியிடம் சொன்ன பொய்.