மலைப்பாம்பின் வால் பக்கம் இரண்டு நகங்கள்

கல்வராயன் மலைக்கு அருவி பார்க்கத்தான் பெரும்பாலும் போவார்கள். நான் போனது ஒரு பாம்பைப் பார்க்க, அதிலும் அதன் வால் பக்கத்தைப் பார்க்க.

திருக்கோவிலூரில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். பரிணாமத்துக்கான சான்றுகள் என்ற பகுதியில் எச்ச உறுப்புகள் வரும். பழைய வேலையை இழந்தும் உடலில் தங்கிவிட்ட உறுப்புகள் அவை. மலைப்பாம்புக்கு வால் தொடங்கும் இடத்தில் இரு பக்கமும் ஒவ்வொரு சிறு நகம் உண்டு. தோலுக்கு உள்ளே இடுப்பெலும்பும் தொடையெலும்பும் துண்டாக மிச்சம் இருக்கும். கால்களோடு திரிந்த மூதாதையின் அடையாளம். பதினான்கு வருடமாக இதைக் கரும்பலகையில் வரைகிறேன், ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை. கச்சிராயபாளையத்தில் ஆட்டோ ஓட்டும் சேகர் என் கணவரின் பள்ளித் தோழர். எங்காவது மலைப்பாம்பு பிடித்தால் சொல்லுங்கள் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை 5.40க்கு அவர் கூப்பிட்டார். மலையில் ஒரு ஆட்டுப்பட்டியில் பாம்பு வலையில் சிக்கிக் கிடக்கிறதாம், வனத்துறைக்குச் சொல்லியாயிற்றாம். "அவங்க வர்றதுக்குள்ள அடிச்சாலும் அடிச்சிடுவாங்க டீச்சர். பாக்கணும்னா இப்பவே கெளம்புங்க."

6.15 பேருந்து. தியாகதுருகம் வழியாகக் கள்ளக்குறிச்சிக்கு ஒன்றே கால் மணி நேரம். அங்கே டீ குடிக்கக்கூட நிற்காமல் கச்சிராயபாளையம் பேருந்தைப் பிடித்தேன், 16 கிலோமீட்டர். 8.20க்கு சேகர் ஆட்டோவோடு நின்றிருந்தார். போக வர 900 ரூபாய் என்று முன்பே பேசிக்கொண்டோம்.

இரண்டு நாள் மழை. கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. பாதி மலையில் ஒரு மரம் சாலையின் குறுக்கே சாய்ந்து கிடந்தது. ஓரமாக இருந்த இடைவெளியில் ஆட்டோ உரசிக்கொண்டு நுழைந்துவிட்டது. ஜீப் நுழையாது. வனத்துறை வண்டி எங்களுக்குப் பின்னால்தான் வர வேண்டும், வந்தாலும் இங்கேயே நின்றுவிடும் என்றார் சேகர்.

கரியாலூரைத் தாண்டி ஒரு சிற்றூர், பெயர் வேண்டாம். 9.50க்குப் போய்ச் சேர்ந்தோம். சாமைக் கொல்லையை ஒட்டி லட்சுமி என்பவரின் ஆட்டுப்பட்டி. அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கல்லும் முள்ளும் வைத்த வேலி, உள்பக்கம் பழைய நைலான் வலை கட்டியிருந்தார்கள். இரவில் வேலியின் ஒரு சந்தில் நுழைந்த பாம்பு, குட்டி ஒன்றை விழுங்கிவிட்டு அதே சந்து வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. வயிறு புடைத்ததில் வெளியேற முடியவில்லை, வலை இறுக்கிவிட்டது. பாம்பு ஒன்பது அடி இருக்கும். நூல் தோலை அறுத்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. குட்டியின் தாய் விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

லட்சுமியின் கொழுந்தன் அண்ணாமலை கையில் கடப்பாரை. சுற்றிலும் பத்துப் பேர். அடித்தால் ஜெயில் என்று சேகர் சொல்லிப் பார்த்தார். நானும் சட்டத்தைச் சொன்னேன். அண்ணாமலை என் பக்கம் திரும்பினார்.

"புள்ளைங்க வெளையாடுற எடம் இது. குட்டிய முழுங்குனது நாளைக்கு புள்ளைய வுடுமா? நீங்க சொல்லுங்க."

அவர் கடப்பாரையை உயர்த்திப் பிடித்தபடி இரண்டடி முன்னால் போனார்.

அப்போது பாம்பின் உடல் அலை அலையாகக் குலுங்கியது. வாய் விரிந்தது. பயந்த மலைப்பாம்பு இரையைக் கக்கிவிடும் என்று படித்திருக்கிறேன். ஈரமாக, நீண்டு மடிந்து, குட்டி வெளியே வந்தது. லட்சுமி மட்டும் போய் அதைத் தூக்கித் துணியில் சுற்றி ஓரமாக வைத்தார். பிறகு கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்துக்கொண்டு வந்தார்.

வெட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"குட்டி போயிடுச்சு. இத சாவடிச்சு இன்னா ஆவப்போவுது? தலைய புடி" என்றார் கொழுந்தனிடம்.

அண்ணாமலை கடப்பாரையைக் கீழே போட்டார். ஈரச் சாக்கைத் தலைமேல் வீசி அமுக்கினார். சேகர் நடு உடலைப் பிடித்தார். லட்சுமி வலையை அறுக்கத் தொடங்கினார்.

"இன்னா டீச்சர், பாத்துக்கினு நிக்கிறீங்க? வால புடிங்க."

பிடித்தேன். பிடித்த உடனே அது என் முன்கையைச் சுற்றி இறுக்கியது. விரல்கள் மரத்தன. உள்ளங்கை ஓரத்தில் ஏதோ குத்தியது. குனிந்து பார்த்தேன். வளைந்த ஒரு கருப்பு நகம், உளுந்தை விடக் கொஞ்சம் பெரியது. மறுபக்கமும் அதே போல இன்னொன்று. எதற்காக விடியுமுன் ஓடி வந்தேனோ அது என் கையில் இருந்தது. அந்த நேரத்தில் மனதில் இருந்ததோ, கையை எப்போது விடும் என்பது மட்டும்தான்.

நான் பார்ப்பதை லட்சுமி கவனித்தார். "அது ஆணுங்க. பொட்டைக்கு நகம் இவ்ளோ பெருசா இருக்காது" என்றார், அறுப்பதை நிறுத்தாமல்.

அது உண்மை. புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

கடைசி நூல் அறுபட்டபோது மணி 10.50. சாக்குக்குள் விட்டுக் கட்டினோம். 11.30க்கு வனத்துறைக்காரர்கள் இருவர், ஜீப்பை மரத்தருகே விட்டுவிட்டு நடந்தே வந்தார்கள். எங்களை நன்றாகத் திட்டினார்கள். காயத்துக்கு மருந்து போட்டுக் காட்டுக்குள் விடுவதாகச் சொல்லிப் பாம்பைக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் போனதும் லட்சுமி தண்ணீர் கொடுத்துவிட்டு, அந்த நகத்தில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். ஒரு காலத்தில் அந்த வம்சத்துக்குக் கால் இருந்தது, அதன் மிச்சம் என்றேன். எப்படிப் போயிற்று என்றார். கால் குட்டையாக இருந்தவை இடுக்கிலும் வளையிலும் எளிதாக நுழைந்து பிழைத்திருக்கலாம், அப்படியே தலைமுறை தலைமுறையாகக் குறைந்திருக்கலாம், பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. எழுந்து போய் வேலிச் சந்தில் கையை விட்டு அகலம் பார்த்தார். ஒரு சாண்கூட இல்லை.

என் மகிழ்ச்சியை அந்த வாசலில் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் மிகவும் சிரமப்பட்டேன். எனக்குச் சான்று கிடைத்த காலையில் அவருக்கு ஒரு குட்டி போயிருந்தது.

போகிறவர்களுக்கு: மழைக்கு மறுநாள் மலை ஏறாதீர்கள். கச்சிராயபாளையத்திலேயே சாப்பிட்டுவிடுங்கள். பாம்பைக் கண்டால் தொடாதீர்கள், வனத்துறையைக் கூப்பிடுங்கள். நாங்கள் செய்தது தவறு, அதிர்ஷ்டத்தால் தப்பித்தோம். கீழே இறங்கும் கடைசிப் பேருந்தைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை, சேகர் இருந்ததால் பிழைத்தேன். அன்று மூன்று மணி வரை அவரும் நானும் அண்ணாமலையும் கல் பொறுக்கிக் கொடுத்தோம். லட்சுமி வேலியில் ஒவ்வொரு சந்தாக அடைத்துக்கொண்டே போனார்.