பூனைகளின் கிரிவலம்

போன ஞாயிற்றுக்கிழமை, எங்கள் காம்பவுண்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் கதவைத் தட்டினார். கையில் ஒரு கோணிப்பை. பை அசைந்தது.

"மேடம், உங்ககிட்ட மொபெட் இருக்குன்னாங்க. இத அடி அண்ணாமலை பக்கமா கொண்டுபோய் விட்டுட்டு வரலாங்களா?"

உள்ளே என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்பானேன்? இந்த வேலையில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.

"முதல்ல போய் உங்க பரண், அலமாரி, கட்டிலுக்கு அடியில எல்லாம் பாத்துட்டு வாங்க. குட்டி இருக்கான்னு," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இல்லையாம். உட்காரவைத்துக் காபி கொடுத்து, போன வருஷத்துக் கதையைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்... கொஞ்சம் வெட்கக்கேடான கதை.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் பன்னிரண்டு வீடுகள் கொண்ட காம்பவுண்ட் எங்களுடையது. போன வருஷம் அதில் ஆட்களைவிடப் பூனைகள் ஜாஸ்தி. பால் பாக்கெட்டைக் கிழிப்பது, காயப்போட்ட போர்வையில் படுத்துப் புரள்வது, ஓட்டின் மேல் சண்டை — எதுவும் பாக்கியில்லை.

எதிர்வீட்டு சம்பத் சார்தான் காம்பவுண்டுக்குச் செயலாளர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவரே ஆகிக்கொண்டார். ஒரு வழியும் கண்டுபிடித்தார். கோணியில் பிடித்துப்போட்டு, மலைக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலையில் விட்டுவிடுவது. நடுவில் இவ்வளவு பெரிய மலை நிற்கிறதே, பூனை எப்படித் திரும்பி வரும்?

நான் மொபெட் ஓட்ட, அவர் பின்னால் கோணியோடு உட்காருவார். மலை எப்போதும் வலது கைப்பக்கம்தான் இருக்க வேண்டும். அதில் ஆள் படு கறார். பூனையை அங்கே இறக்கிவிட்டு, சாமிக்கு ஒரு கும்பிடு போட்டு, மீதிச் சுற்றையும் முடித்துக்கொண்டு வீட்டுக்கு வருவோம். பூனையும் தொலைந்தது, கிரிவலமும் ஆயிற்று. இப்படியொரு வசதி வேறு எந்த ஊரில் உண்டு?

ஒன்றுதான் புரியவில்லை. பூனைகள் கம்மியாகவே இல்லை. ஒரு வாரம் புதிதாகச் சாம்பல் நிறக் கடுவன் ஒன்று மதிலில் உட்கார்ந்திருக்கும். அடுத்த வாரம் ஒற்றைக்கண் வெள்ளைப்பூனை.

"சார், இது போன வாரம் இல்லையே?"

"எங்கயாவது இருந்து வந்திருக்குங்க. நாம நம்ம வேலைய பாப்போம்."

பார்த்தோம். நவராத்திரிக்கு முந்தின ஞாயிறு, மூணு கலர் என்று நாங்கள் கூப்பிடும் பூனையின் முறை வந்தது. வால் நுனி வளைந்த, ஒல்லியான பெண்பூனை. மற்ற பூனைகள் கொஞ்ச தூரத்தில் அடங்கிவிடும். இது வழி முழுக்கக் கத்தியது, கோணியைப் பிறாண்டியது. எனக்கு எரிச்சல். "ஏய், சும்மா இரு," என்று திரும்பி அதட்டினேன்.

மத்தியானம், கொலு பொம்மைகளை எடுக்க ஸ்டூல் போட்டுப் பரண் மேலிருந்த பெட்டியை இறக்கினேன். மூடி சரியாக மூடியிருக்கவில்லை. வைக்கோலை விலக்கினால்... நான்கு குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. செட்டியார் பொம்மையின் தொந்தியில் வாயை வைத்துப் பால் தேடிக்கொண்டிருந்தன.

வழி முழுக்க அது எனக்கு எதைச் சொல்லிக்கொண்டு வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. நான் அதட்டிய அதட்டலும் ஞாபகம் வந்தது.

பஞ்சில் பாலை நனைத்து வாயில் வைத்தேன். கடைவாயில் வழிந்ததே தவிர, உள்ளே போகவில்லை. சத்தம் கேட்டு வந்த சம்பத் சார், பெட்டியைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாயந்திரத்துக்குள்ள தாய் வரலைன்னா தாங்காதுங்க."

சாவியை எடுத்தேன். தெருமுனையில் வழக்கமான பக்கம் திரும்பப் போனபோது, பின்னாலிருந்து என் தோளைத் தட்டினார்.

"அந்தாண்ட வேணாங்க. இப்படித் திரும்புங்க."

"சார், அது மலையைத் தலைகீழாச் சுத்தறது..."

"தெரியும். அந்த வழிதான் கம்மி தூரம். போங்க."

மலையை இடது கைப்பக்கம் வைத்து அவர் போனது அன்றுதான் முதல் தடவையாம். போகும் வழியில் ஒவ்வொரு லிங்கத்தின் கோயிலுக்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தார்.

பூனையை இறக்கிவிட்ட இடத்துக்கு எதிரே ஒரு டீக்கடை. தனம் என்று ஒரு பெண்மணி நடத்துகிறார். மூன்று கலர், வளைந்த வால் என்று நான் அடையாளம் சொல்லச் சொல்ல, அவர் சம்பத் சார் கையிலிருந்த கோணியையே பார்த்தார்.

"ஓ... கொண்டாந்து வுட்டுட்டுப் போற டவுன்காரங்க நீங்கதானா?"

நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம். அவர் திட்டவில்லை. சிரித்தார்.

"எங்க ஆளுங்க மட்டும் இன்னா ஒழுங்கு? புடிச்சினு போயி பஸ் ஸ்டாண்டாண்ட வுட்டுட்டு வராங்க. அங்க ஓட்டலு ஜாஸ்தி, பொழச்சிக்கும்னு."

சம்பத் சார் மெதுவாகக் கேட்டார். "வெள்ளைப் பூனைங்க... ஒத்தக்கண்ணு..."

"எங்க பூனதாங்க அது. சௌக்கியமா இருக்குதா?"

எப்படி இருக்கிறது கதை? பாதி மலையை எங்கள் மொபெட்டிலும் மீதி மலையை அவர்கள் வண்டியிலும் சுற்றி, ஊரிலுள்ள பூனைகள் எல்லாம் சொகுசாகக் கிரிவலம் வந்துகொண்டிருந்திருக்கின்றன. நாங்கள் டிரைவர் வேலை பார்த்திருக்கிறோம்.

"ஒண்ண தூக்குனா அந்த எடம் காலிங்க. காலி வூட்டுக்கு ஆள் வராம இருக்குமா?" என்றார் தனம். பிறகு பெஞ்சுக்கு அடியில் கையைக் காட்டினார். "உங்குளுது அதோ. காலையில இருந்து பால் வெச்சிப் பாக்கறேன், தொடவே மாட்டேங்குது."

மூணு கலர் ரோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கோணியைக் கண்டதும் எகிறியது. சம்பத் சார் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை கீறல் வாங்கினார். ஆனால் விடவில்லை.

வீட்டில் கோணியை அவிழ்த்ததும் ஒரே தாவல். எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெட்டிக்குள் போய்ச் சுருண்டு படுத்தது. ஒவ்வொரு குட்டியாகச் சத்தம் அடங்கியது. நான் சமையலறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தேன். அந்த வருஷம் கொலுவில் செட்டியார் இல்லை. அவருக்கு வேறு டியூட்டி.

மறுநாளே மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மாவைச் சுற்றி மாடும் ஆடுமாக நின்றன.

"ஊருக்கே கருத்தடை பண்ணச் சொல்றீங்களா?" என்றார்.

"ஊருக்கு இல்லம்மா, எங்க காம்பவுண்டுக்கு மட்டும்," என்றார் சம்பத் சார், கட்டுப்போட்ட கையைக் காட்டி. அந்தக் கைக்காகவே டாக்டரம்மா சம்மதித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

புதன்கிழமைகளில் இரண்டு இரண்டாகக் கொண்டு வர வேண்டும். வெறும் வயிற்றில் வர வேண்டும். குட்டி போட்ட பூனை, குட்டிகள் பால் மறந்த பிறகு வந்தால் போதும். ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியில் சின்னதாக ஒரு வெட்டு. செவ்வாய் இரவானால் சம்பத் சார் வீடு வீடாகப் போய், "யாரும் சோறு வெக்காதீங்க," என்று சொல்லிவிட்டு வருவார். தனமும் அந்தப் பக்கத்துப் பூனைகளோடு பஸ்ஸில் வந்து இறங்க ஆரம்பித்தார். அதே கோணிதான், போகும் இடம்தான் வேறு.

இப்போது எங்கள் காம்பவுண்டில் ஏழு பூனைகள். ஏழுக்கும் காது வெட்டு. அதுஅதுக்கு ஒரு இடம், சாப்பாட்டுக்கு ஒரு வீடு. ஓட்டின் மேல் சண்டை இல்லை. புதுப் பூனை தலைகாட்டினால் ஒற்றைக்கண் வெள்ளையே விரட்டிவிடுகிறது. நாம் பூனைக்குச் செய்த மாதிரிதான் எல்லாவற்றுக்கும் செய்கிறோம், இல்லையா? நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் தீர்ந்துவிட்டது என்று ஒரு நினைப்பு.

கதையைக் கேட்டுவிட்டுப் புதியவர் கோணி வாயை லேசாகப் பிரித்து எட்டிப் பார்த்தார்.

"காதுல வெட்டு இல்லீங்க."

"அப்போ புதன்கிழமை போலாம். அதுவரைக்கும் வெளிய விடுங்க, பாவம்."

அவர் போன பிறகு, இந்த வருஷக் கொலுவுக்காகப் பெட்டியை இறக்கினேன். மெதுவாக, சத்தம் இல்லாமல் மூடியைத் திறந்தேன். உள்ளே வைக்கோல், செட்டியார், மற்ற பொம்மைகள். வேறு ஒன்றும் இல்லை. அப்படித்தானே இருக்க வேண்டும்? அதற்குத்தானே ஒரு வருஷம் அலைந்தோம்?

ஆனாலும் வைக்கோலை இரண்டு தடவை விலக்கிப் பார்த்தேன்... சம்பத் சாரிடம் சொல்லிவிடாதீர்கள்.