உள் பாக்கெட்

ஈரத் துணியில் வெல்லம் மணக்குமா என்று கேட்டால் சிரிப்பீர்கள். எங்கள் வீட்டுக் கொடியில் மணந்திருக்கிறது. மயிலாப்பூரில், தெற்கு மாட வீதிக்குப் பின்னால் இருந்த சந்தில், ஓர் அறையும் சமையற்கட்டுமாக நாங்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில் அப்பாவின் சட்டை காயும்போதெல்லாம், எத்தனை சோப்புப் போட்டுத் துவைத்திருந்தாலும், அதன் பைக்கு எறும்புகள் கயிற்றின் மேலேயே வரிசை கட்டி வந்துவிடும்.

நான் அப்போது ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு அப்பா பென்ஷனோடு வீடு வந்து சேர்ந்த வருஷம் அது. அதுவரைக்கும் எனக்கு அப்பா என்றால் வருஷத்துக்கு இரண்டு மாதம்தான். அவருடைய "ட்ரங்குப் பெட்டி" கட்டிலுக்கு அடியில் போனால் வந்திருக்கிறார், வெளியே வந்தால் கிளம்புகிறார், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. இனிமேல் போகமாட்டார் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனாலும் நான் தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குனிந்து பெட்டி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பையை இறக்கி வைப்பேன்.

அப்பா சாப்பிடுவதே தனி மாதிரி. சோறு, குழம்பு, பொரியல், அப்பளம் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, யாரோ துரத்துகிற மாதிரி இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டு எழுந்துவிடுவார். கடலை உருண்டை, அதிரசம் என்று எதைக் கொடுத்தாலும் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைப்பவள். தையலில் ஒரு குறை சொன்னால் பொறுத்துக்கொள்வாள், சமையலில் என்றால் தாங்கமாட்டாள். "உப்பு கம்மியா? காரம் தூக்கலா? வாயத் திறந்து சொன்னாத்தானே தெரியும்" என்பாள். "நல்லா இருக்கு" என்பார் அப்பா. எதற்கும் அந்த ஒரே பதில்தான். "காபிக்கும் அதே, கழனித் தண்ணிக்கும் அதே" என்று அம்மா மிஷினை வேகமாக மிதிப்பாள்.

பங்குனி பிறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்னால் வடக்கேயிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பாவின் பழைய ஆபீசர் ஒருவர், தம்முடைய தோட்டத்துக்குக் காவல் வேலைக்கு வரச் சொல்லி எழுதியிருந்தார். படித்துவிட்டு அப்பா அதை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். அன்றைக்கு மாடியில் துணி எடுக்கும்போது, பையில் ஊறிப்போயிருந்த கடலை உருண்டையை என்னிடம் காட்டி அம்மா சொன்னாள்: "கிளம்பப் போறவங்கதான்டி கட்டுச்சோறு கட்டிக்குவாங்க. உங்கப்பாவுக்கு இன்னும் வீடு ஒட்டல."

நேரே கோயிலுக்கு ஓடினேன். என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பெட்டி வெளியே வராமல் இருந்தால் பதினோரு சுற்று சுற்றுகிறேன் என்று கபாலீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டு வந்தேன்.

பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் உலா வரும் அன்று வழக்கம்போல எங்கள் சந்து முனையில் சர்க்கரைப் பொங்கலும் நீர்மோரும் கொடுத்தோம். விடிவதற்கு முன்னாலேயே எழுந்து குளித்துவிட்டு, மடியாக அம்மா செய்த பொங்கல் அது. சாமிக்குக் காட்டிவிட்டுத்தான் முதல் தொன்னையை எடுப்பாள். மாட வீதி முழுக்க ஜனம். அப்பா தோளில் துண்டோடு நின்று எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய கால்சட்டைப் பைக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நெய்க்கறை பரவிக்கொண்டு வந்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். கையை விட்டு இழுத்தாள். வாழை இலைத் துண்டில் சுற்றிய பொங்கல் வந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பாஷா மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். அப்பாவோடு பட்டாளத்தில் இருந்தவர். ராயப்பேட்டையில் சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தார்.

"இன்னாம்மா, திருநாளும் அதுவுமா மூஞ்சி ஏன் இப்டி கீது?" என்றார்.

"நீங்களே கேளுங்கண்ணா. சாமிக்குப் படைச்சதைக் கால்சட்டைப் பையில போட்டு வச்சிருக்காரு. எந்த ரயிலுன்னு மட்டும் சொல்லிட்டா நானே நல்லாக் கட்டிக் குடுத்துடுவேன்" என்றாள் அம்மா. சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அப்பா மோர்க் குவளையைப் பிடித்தபடி திருதிருவென்று நின்றார்.

பாஷா மாமா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே தன் சட்டைப் பையில் கையை விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். இரண்டு பேரீச்சம்பழமும் பாதி பிஸ்கட்டும் இருந்தன. "அப்ப இதுக்கு இன்னா சொல்றே? நான் எந்த ரயிலுக்குப் போறேன்?"

அங்கேயே, மோர்ப்பானைக்குப் பக்கத்தில் நின்றுதான் சொன்னார். பனிமலை மேலே அப்பாவும் அவருமாகச் சேர்த்து ஆறு பேர் இருந்த காவல் கொட்டகை. பத்து நாளாகச் சாமான் கொண்டு வரும் ஹெலிகாப்டர் வரவில்லை. முட்டையும் உருளைக்கிழங்கும் கல்லாக உறைந்துவிட, டின்னில் அடைத்த கறியைச் சுத்தியலால் தட்டி எடுத்து, இருப்பதையெல்லாம் மண்ணெண்ணெய் அடுப்பில் ஒன்றாகப் போட்டுக் கிளறி, ஆறி உறைவதற்குள் நின்றபடியே விழுங்குவார்களாம். பிறகு ஆளுக்கு மூன்று "சக்கர்பாரா". மைதாவும் சர்க்கரையும் பிசைந்து துண்டுபோட்டுப் பொரித்த பட்டாளத்து இனிப்பு அது. உடம்புச் சூட்டில் வைத்தால்தான் பல் இறங்கும் என்பதால் சட்டைக்கு உள்ளே மார்போடு வைத்துக்கொள்வார்களாம்.

"நானும் இன்னொருத்தனும் கீழே கயிறு எடுக்கப் போய் ரெண்டு நாள் மாட்டிக்கினோம்மா. திரும்பி வந்தா கை மடங்கல, வாய் பேசல. உன் வூட்டுக்காரன் மாருலேர்ந்து ரெண்டு சக்கர்பாரா எடுத்து எங்க ரெண்டு பேர் வாய்லயும் ஒண்ணு ஒண்ணு வச்சான். தன் பங்குல மிச்சம் பிடிச்சது. அன்னிலேர்ந்து நானும் வச்சிக்கினு கீறேன். எவனாவது பசியோட வந்துகினு இருப்பான்ல?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "அப்ப அந்த லெட்டரு?"

"அன்னிக்கே பதில் போட்டுட்டேனே. வரலைன்னு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலியே."

"ஏங்க, பட்டாளத்துல பேச்சையும் ரேஷன்லதான் குடுத்தாங்களா?" என்றாள் அம்மா. பாஷா மாமா சிரித்த சிரிப்பில் மோர் வாங்க நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த இலைப் பொட்டலத்தை மறுபடியும் அப்பா கையிலேயே கொடுத்தாள். நான் அன்று சாயங்காலமே பதினோரு சுற்றையும் முடித்தேன். அந்தக் கூட்டத்தில் அது எத்தனை கஷ்டம் என்று மயிலாப்பூர்க்காரர்களுக்குத் தெரியும்.

மறுநாள் அம்மா அப்பாவின் சட்டைகளை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இடது மார்புக்கு உள்பக்கம் கெட்டித் துணியில் ஒரு "உள் பாக்கெட்" தைத்தாள். பொத்தான் வைத்து, கழற்றித் துவைக்கிற மாதிரி. அதற்குப் பிறகு தினமும் அவளே அதில் ஏதாவது போட்டு அனுப்புவாள். பஸ் ஸ்டாண்டில் மயங்கி உட்கார்ந்த கிழவருக்கு, பள்ளிக்கூட வாசலில் அழுத குழந்தைக்கு என்று அது போய்ச் சேர்ந்துகொண்டே இருந்தது. சாமி அதைத்தான் நைவேத்தியமாக எடுத்துக்கொண்டார் என்று பத்தாவதோடு படிப்பை நிறுத்திய என் புத்திக்குத் தோன்றுகிறது.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டபோது அம்மா எல்லோரையும் விலக்கிவிட்டு வந்து, தன் கையாலேயே ஒரு கடலை உருண்டையை அந்தச் சட்டைக்குள் வைத்தாள். "இப்பக் கிளம்புறாரு, இப்ப எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள்.

பாஷா மாமாவும் போன வருஷம் போய்விட்டார். அம்மாவுக்கு மிஷின் மிதிக்கக் காலில் தெம்பில்லை; அறுபத்துமூவருக்கு இப்போது பொங்கலை மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில்தான் கொடுக்கிறோம். என் வீட்டில் எல்லோருக்கும் ரெடிமேட் சட்டை. பையில் போன் மட்டும்தான் இருக்கிறது. ஆனாலும் துணி எடுக்க மாடிக்குப் போகும்போதெல்லாம் என் கண் முதலில் கயிற்றைத்தான் பார்க்கிறது. ஒரு எறும்பும் வருவதில்லை.