காட்டில் ஏது வார்டு?

நூருன்னிஸா எந்த இங்கிலீஷ் கடிதத்தையும் எடுத்த எடுப்பில் வாய்விட்டுப் படிக்கமாட்டாள். கண்ணால் ஒருமுறை, விரலை வைத்து ஒருமுறை, பிறகு கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒருமுறை. அதுவரை கொண்டுவந்தவர் வாங்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். "தபால்கந்தோர்ல ஒரு நிமிசத்துல படிச்சுக் குடுத்துருவாங்க" என்று யாராவது முணுமுணுத்தால், "அப்ப அங்கயே போங்களே" என்று கடிதத்தைத் திருப்பி நீட்டுவாள். யாரும் போனதில்லை.

மாத்தளைக் கடைத்தெருவில் அவள் புருஷன் ஸக்கரியாவுக்கு மிளகு, கிராம்பு வியாபாரம். கடைக்குப் பின்னால் வீடு. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். சரக்குச் சுற்ற வரும் பழைய இங்கிலீஷ் பத்திரிகைகள் அவள் கண்ணில் படாமல் கடைக்குப் போகாது. நேராகப் பொருள் சொல்லாத வரிகளை மட்டும் வெட்டியெடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பாள். பூனையும் நாயுமாகப் பெய்த மழை, தன் சொற்களைத் தானே தின்ற மந்திரி, இப்படி. "வெளிய ஒரு பேச்சு, உள்ளுக்குள்ள இன்னொரு பேச்சு ஒளிஞ்சீக்கி" என்பாள்.

இந்த நிதானம் அவளுக்குக் கூடப்பிறந்ததல்ல. அடுத்த வீட்டு மஸூதாவின் தம்பி கொழும்பில் ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்தான். அவன் தன் 'நீண்ட வீட்டுக்கு'ப் போய்விட்டதாக அவர் எழுதியிருந்தார். நூருன்னிஸா சிரித்துக்கொண்டே படித்தாள். தம்பிக்குப் பெரிய வீடு கிடைத்துவிட்டதென்று மஸூதா இனிப்புத் தொதல் கிண்டித் தெருவெல்லாம் கொடுத்தாள். மூன்றாம் நாள்தான் நேரில் ஆள் வந்து மௌத்துச் செய்தி சொன்னார்; நீண்ட வீடு என்று எழுதியிருந்தது புதைகுழியை. மஸூதா கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுதான் நூருன்னிஸாவுக்கு இன்றுவரை ஆறவில்லை.

ஐம்பத்தேழாம் ஆண்டு, ஒரு செவ்வாய்க்கிழமை. ஒன்றரை மணி இருக்கும். மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்திலிருந்து வேலம்மா கொழுந்துக் கறை படிந்த கையோடு ஓடிவந்தாள். அவள் புருஷன் மாரிமுத்து, காணி அளக்கிற கூட்டத்தோடு சங்கிலி பிடிக்கும் வேலைக்கு லக்கலைக்குப் போய் இரண்டு மாதமாகிறது. கூட்டத்துக்குப் பொறுப்பான அதிகாரியிடமிருந்து அன்று காலையில் இங்கிலீஷில் கடிதம் வந்திருந்தது.

"அக்கா, எங்க வூட்டுக்காரரு காட்டுல தொலைஞ்சு போயிட்டாரு. இன்னும் காட்ட விட்டு வெளிய வரலைன்னு எழுதியிருக்காம். கொழுந்து நிறுக்கிற எடத்துல நின்னுக்கிட்டே கிளாக்கரய்யா படிச்சாரு. ரெண்டு மணி பஸ்ஸுக்கு அண்ணன் நாலு பேரோட கத்தியும் பந்தமுமா நிக்குது. எந்தப் பக்கத்துக் காடுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. போன மாசந்தான் அங்க ஒருத்தர யானை அடிச்சுப் போட்டுச்சு. அண்ணனும் போயிட்டா நான் என்னக்கா செய்வேன்?"

முதல் பக்கத்தில் அந்த வரி அப்படியேதான் இருந்தது. மாரிமுத்து இன்னும் காட்டைவிட்டு வெளியே வரவில்லை. நூருன்னிஸா தாளைத் திருப்பினாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டே வரிகள்: காய்ச்சல் கடுமை; வெள்ளிக்கிழமை கண்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாயிற்று. கீழே வார்டு எண், கட்டில் எண்.

கட்டிலில் கிடப்பவன் காட்டில் எப்படி இருப்பான்? இந்தப் பேச்சு அவள் டின்னில் இல்லை. ஊகம்தான். ஊகம் தப்பினால், காட்டில் கிடக்கும் ஒரு மனிதனைத் தேடப்போகிறவர்களைத் தடுத்த பாவம் அவளுடையது. தொதல் தட்டோடு நின்ற மஸூதா கண்முன் வந்தாள். சுவர்க்கடிகாரத்தில் ஒன்று நாற்பது. ஸக்கரியா சரக்கெடுக்கக் கலேவெலவுக்குப் போயிருந்தார்.

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவில் இறங்கினாள். புருஷன் துணையில்லாமல் அவள் பஸ் நிலையத்துக்குப் போனதே கிடையாது. வேலம்மா பின்னாலேயே ஓடிவந்தாள்.

பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வேலம்மாவின் அண்ணன் லெட்சுமணன் மிதிபலகையில் ஒரு காலை வைத்திருந்தான்.

"எறங்குங்க. அவர் காட்டுல இல்ல" என்றாள் நூருன்னிஸா.

"கிளாக்கரய்யா பொய்யா சொல்லுவாரு? வூட்ஸுன்னா காடுதானே?"

"காடுதான். ஆனா அது லக்கலைக் காடில்ல. ஆபத்து இன்னும் தாண்டல்ல என்றதத்தான் அந்த ஐயா அப்பிடி எழுதியீக்கிறாரு. காயிதத்துப் பின்பக்கத்துல வார்டு நம்பர் ஈக்கி, கட்டில் நம்பர் ஈக்கி. காட்டுல ஏது வார்டு?"

கண்டக்டர் தகரத்தில் தட்டினான். பஸ் அசைந்தது. உள்ளேயிருந்த நான்கு பேரும் லெட்சுமணனையே பார்த்தார்கள்.

"நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

அவள் கடிதத்தின் பின்பக்கத்தை அவன் கண்முன் பிடித்தாள். "தப்பா ஈந்தா, நாளைக்குக் காலையில முதல் பஸ்ஸுல நானும் உங்களோட லக்கலைக்கு வாறேன்."

லெட்சுமணன் காலைக் கீழே வைத்தான். உள்ளேயிருந்த நான்கு பேரும் குதித்திறங்கினார்கள்.

பஸ் போன புழுதி அடங்குமுன் வேலம்மா கேட்டாள்: "அப்ப அவரு நல்லாருக்காராக்கா?"

ஆறுதலுக்காக ஒரு சொல்லைக் கூட்டிச் சொல்லும் பழக்கம் நூருன்னிஸாவுக்கு இல்லை. "வெள்ளிக்கிழமை உசிரோட ஈந்தாரு" என்றாள். வேலம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவளே ரயில் நிலையத்துப் பக்கம் நடக்கத் தொடங்கினாள். வார்டிலும் டாக்டர்மார் இங்கிலீஷில்தானே பேசுவார்கள்.

லெட்சுமணனையும் கூட்டிக்கொண்டு, கண்டி ஆஸ்பத்திரியில் சாயங்காலம் பார்வையாளர் மணி அடிக்கும்போது போய்ச் சேர்ந்தார்கள். மாரிமுத்து கண்மூடிக் கிடந்தான், உதடெல்லாம் வெடித்து. நெருப்புக் காய்ச்சல், டைபாய்ட், என்று தாதி சொன்னாள். அவசரமாகக் கடந்துபோன இளம் டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் ஒரே வரி சொன்னார்: ஆள் மூலை திரும்பிவிட்டார்.

அந்த இங்கிலீஷ் லெட்சுமணனுக்கும் கொஞ்சம் பிடிபட்டது. அவன் விறாந்தையின் மூலையை எட்டிப் பார்த்தான். நூருன்னிஸாவுக்கு விளங்கியது போலத்தான் இருந்தது. ஆனாலும் டாக்டரின் பின்னால் நான்கு எட்டு ஓடி, பள்ளிக்கூட இங்கிலீஷில் நேராகவே கேட்டாள்: "சேர், இவர் பிழைப்பாரா?"

டாக்டர் நின்று திரும்பினார். "பிழைப்பார்" என்றார்.

வேலம்மா கட்டில்காலில் சாய்ந்து, தாலியை இரண்டு கையாலும் பொத்தி, கண்ணை இறுக மூடி நின்றாள். நூருன்னிஸா அவளிடம் ஒன்றையும் மொழிபெயர்க்கவில்லை. பக்கத்தில் போய், அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டாள்.