கொம்பின் கீழ் ஒரு வெள்ளைத் தாள்

சகாயமேரி மேடம் தவறிவிட்டார் என்று அவர் மகள் அனிதா தொலைபேசியில் சொன்னபோது, சுங்குவார்சத்திரத்தில் பேருந்துக்காக நின்றிருந்தேன். குன்றத்தூரில் அவர் வீடு போய்ச் சேரும்வரை அவர் முகம் நினைவில் வரவில்லை. ஒரு காட்டெருமைக் கொம்புதான் வந்தது.

அவரிடம் விலங்கியல் படித்தவர்கள் இந்த நினைவு மலரில் அவர் வகுப்புகளைப் பற்றி எழுதுவார்கள். நிருபரான எனக்கு எழுத இருப்பது இந்தக் கொம்பைப் பற்றித்தான்.

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலை. ஆப்பிரிக்கக் கிளையிலிருந்து திரும்பிய மேலாளர் அந்தக் கொம்பை வரவேற்பறையில் மாட்டியிருந்தார். சில மாதங்களில் அதிலிருந்து விரல் நீளத்தில் மண்ணிறக் குழல்கள் நீட்டிக்கொண்டு வளர்ந்தன. அங்கே எனக்குப் பழக்கமான அதிகாரி ஒருவர், பூச்சி தெரிந்தவர் யாராவது உண்டா என்று கேட்டார். மேடத்தை அழைத்துப் போனேன்.

துப்புரவு வேலை பார்த்த செல்வி எங்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். "இன்னாம்மா இது, கொம்பு வேர் வுட்டுகினு கீது!"

மேடம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் பார்த்தார். முகம் மலர்ந்தது. "வேர் இல்லம்மா. புழு தனக்குக் கட்டிக்கிட்ட வூடு. பட்டும் அதோட எச்சமும் சேர்ந்தது. நகத்தளவு அந்துப்பூச்சியா வெளிய வரும். ஆப்பிரிக்காவில எருமை செத்தா சிங்கம், கழுகு எல்லாம் தின்னுட்டுப் போயிடும். கொம்பை யாரும் தொட மாட்டாங்க. கடைசிப் பந்தி இதுக்குத்தான்."

"என் வூட்ல ரெண்டு மாடு கீதும்மா."

"உசுரோட இருக்கிற கொம்பை இது தொடாது."

"நீ சொல்றது கரெக்டும்மா. அது பூச்சிக்குத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தோம். மேடம் சிரித்து முடித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அங்கே அது வாழும் விதம் தெரியும், இந்த ஊரில் என்ன செய்யும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். கண்ணாடிப் பெட்டியில் அடைத்து வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீங்க என்ன சொல்றீங்க சார்?"

"எதுக்கு மேடம் வம்பு? முடிச்சிடுங்க."

எனக்கு மாலைக்குள் செய்தி அனுப்ப வேண்டியிருந்தது.

புழுக்கள் குளிரில் சாகட்டும் என்று கொம்பைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, கேன்டீனில் ஐஸ்கிரீம் வைக்கும் பெட்டியில் போட்டார்கள். திருநெல்வேலிப் பையன் ஒருவன், "மேடம், இன்னைக்குக் கொம்பு ஐஸா போடுதிய?" என்று கேட்டான்.

பிறகு அந்தக் கொம்பை அவரே வீட்டுக்கு எடுத்துப் போனார். மேசையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் வைத்திருந்தார். சுத்தத்துக்காக என்று நினைத்தேன்.

"உள்ள புழு இருந்தா தூள் கொட்டும் சார். ஒண்ணாவது பிழைச்சிருக்கான்னு தினமும் பாக்கறேன்."

"பிழைக்கக் கூடாதுன்னுதானே மேடம் வெச்சோம்?"

"ஆமா. அதுக்கும் பாக்கறேன்."

அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் இதைக் கேட்டிருப்பீர்கள். "உயிருள்ள எதையும் தீண்டாத ஒன்றை நான் கொன்றேன்" என்றுதான் உங்களிடம் சொல்லியிருப்பார். அவர் செய்தது சரி. இன்று கேட்டாலும் முடித்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஆனாலும் அந்த அறையில் அவர் என்னைக் கேட்டார், நான் யோசிக்காமல் சொன்னேன். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஒருவர் இந்தக் கதையைச் சொன்னபோது, பக்கத்தில் நின்றிருந்த நானும் சொல்லவில்லை.

கிளம்பும்போது அனிதா ஒரு துணிப்பையைக் கொடுத்தாள். "அம்மா இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க அங்கிள்."

இப்போது கொம்பு என் மேசையில், ஒரு வெள்ளைத் தாளின்மேல் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது, காலையில் எழுந்ததும் அதன் அடியில் குனிந்து பார்க்கும் பழக்கம். தாளில் எதுவும் விழுவதில்லை. தாளை எடுத்துவிடவும் மனம் வரவில்லை.