இரண்டாம் சாஸ்திரியின் கம்பளி

"1960 மார்ச் 6, ஞாயிறு. பழைய கம்பளி ஒன்று. பூச்சி அரித்து வீணானதால் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது."

ஆமத்தூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் மிஷன் கோயிலின் சாமான் பதிவேட்டில் இந்தக் குறிப்பு என் கையெழுத்தில் இருக்கிறது. தேதியும் கிழமையும் சரி. மற்றதெல்லாம் பொய். மிஷன் பள்ளியில் வாத்தியாராகவும், அந்தக் கோயிலின் செயலாளராகவும் இருந்த காலத்தில் நான் பதிவேட்டில் எழுதிய ஒரே பொய் அது. அதனால்தான் கிழமையைக்கூடச் சரிபார்த்து எழுதினேன்.

அந்தக் கம்பளி எங்களிடம் வந்தது யுத்தத்துக்கு முன்னால். எந்த வருடம் என்று எழுதிவைக்க அப்போதைய செயலாளருக்கு நேரம் இருக்கவில்லை போலும். அமெரிக்காவிலிருந்து ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு என்று ஒரு பெட்டி வந்ததாம். அதில் கம்பளிக் கையுறை, காதுவரை மூடும் தொப்பி, பனியில் நடக்கும் பூட்ஸ் எல்லாம் இருந்தன. சித்திரை வெயிலில் எங்கள் ஜனங்கள் காது குளிர்ந்து கஷ்டப்படுவது அங்கே எப்படியோ தெரிந்திருக்கிறது. பெட்டியின் அடியில் இந்தக் கம்பளி. கறுப்பு, மஞ்சள், வெள்ளை, பாசி நீலம். பரப்பெல்லாம் வட்ட வட்டமாகக் கண்கள். அடிப்பக்கம் கூராக இறங்கி, முழ நீளத்துக்குக் குஞ்சம். யாருக்கும் இன்னதென்று தெரியாததால், கிறிஸ்துமஸ் நாடகத்தில் கிழக்கிலிருந்து வரும் மூன்று சாஸ்திரிகளில் இரண்டாமவருக்கு என்று ஒதுக்கிவிட்டார்கள். மேற்கே இருந்து வந்த துணி, கிழக்கு ராஜாவுக்கு. ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் பதினைந்து வருடம் அதைப் போர்த்திக்கொண்டு வெள்ளைப்போளம் கொண்டுவந்தார். வியர்த்து ஊற்றும். தியாகம் என்று சொல்லிக்கொள்வார்.

அது என்னவென்று எனக்குத் தெரிந்தது 1959 நவம்பரில். பள்ளி அலமாரியில் கட்டிக் கிடந்த பழைய மிஷன் பத்திரிகைகளை வருட வரிசைப்படி அடுக்கினேன். யாரும் கேட்காத வேலை. ஒன்றில், அதே போன்ற கம்பளியைப் போர்த்திய ஒருவரின் படம் இருந்தது. அலாஸ்காவின் கடற்கரையில் வாழும் திலிங்கிட் ஜனங்களின் தலைவர் ஒருவர் தம் அஞ்ஞான உடையை மிஷனரியிடம் ஒப்புக்கொடுத்த வெற்றிச் செய்தி. அவர் பெயரைப் போடவில்லை. மிஷனரியின் பெயர் மூன்று இடத்தில் இருந்தது.

பிறகு விருதுநகர் நூலகத்தில் இருந்த கலைக்களஞ்சியம் ஒன்றைத் தேடிப் படித்தேன். ரஷ்யா அலாஸ்காவை அமெரிக்காவுக்கு விற்றதாம். விற்றவரும் வாங்கியவரும் குடியிருந்தவரைக் கேட்கவில்லை. திலிங்கிட்டுகள் காக்கை, கழுகு என்று இரண்டு பக்கம். ஒரு பக்கத்தார் மறுபக்கத்தில்தான் பெண்ணெடுப்பார்கள். ஒரு பக்கத்தில் சாவு விழுந்தால் மறுபக்கத்தார் காரியம் செய்வார்கள். எழவு வீட்டில் சம்பந்தக்காரர் வந்து நிற்பது நமக்குப் புதிதா என்ன? காட்டாட்டு மயிரும் மரப்பட்டை நாரும் சேர்த்து இந்தக் கம்பளியைப் பெண்கள் நெய்வார்கள். அதில் உள்ள உருவம் ஒரு வம்சத்தின் சொத்து. அந்த வம்சத்தார் மட்டும்தான், மறுபக்கத்தார் சாட்சியாக நிற்க, அதைப் போர்த்தி ஆடலாம். மற்றவன் போர்த்தினால் அது திருட்டுக்கு மேல். மிஷனும் சர்க்காரும் போய், விருந்தை விரயம் என்றும், ஆட்டத்தைப் பேய் என்றும், அவர்கள் தாய்ப்பேச்சை அடிக்கவேண்டிய குற்றம் என்றும் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்கவில்லை. நானும் அதே கம்பெனியில்தான் சம்பளம் வாங்கினேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முன் விஷயத்தைப் போதகரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். புது வேஷத்துணிக்கு வழி இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். கம்பவுண்டர் வழக்கம்போல் வியர்த்தார்.

1960 ஜனவரியில் தாயில்பட்டியிலிருந்து என் அண்ணன் முறைக்காரர் ஒருவர் வந்தார். பட்டாசுக் கம்பெனியில் மருந்து செலுத்துகிறவர். எங்கள் பாட்டனார்கள் அண்ணன் தம்பி. என் பாட்டனார் வேதத்தில் சேர்ந்தார், அவர் பாட்டனார் சேரவில்லை. அவர் வந்த காரணம் இது. மாசிக் களரி என்கிற குலசாமி திருவிழாவில் சாமி இறங்கி ஆடும் உரிமை எங்கள் வகையறாவுடையது. அதற்கு அத்தாட்சி சாமியாடி உடுத்தும் சல்லடமும் கச்சையும்: மணி தைத்த அரைக்கால் உடையும் இடுப்புப் பட்டையும். மூத்தவர் என்பதால் அவை என் பாட்டனாரிடம் இருந்தன. ஞானஸ்நானத்தன்று அவர் அவற்றை மிஷன் துரை காலடியில் வைத்துவிட்டார். அதன்பிறகு அண்ணனின் தகப்பனார் புதுத் துணியில் ஆடி ஒப்பேற்றினார். அவர் இறந்ததும் மற்ற வகையறா பங்காளிகள், "சல்லடத்தைக் கொண்டா, இல்லை ஒதுங்கு" என்றார்களாம். மாசிக்கு ஒரு மாதம் இருந்தது.

இரண்டு நாள் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். "பேயாடியின் உடை ஒரு கட்டு. பொருட்காட்சிக்காகக் கப்பலில் அமெரிக்காவுக்கு" என்று ஒரு வரி கிடைத்தது. எந்த ஊருக்கு என்று இல்லை.

அண்ணன் சிரித்தார். "சாமி நமக்கு முந்தியே சீமை பார்த்துருச்சு. சரி, அங்கன இருந்து பதிலுக்கு எதுவும் வந்துச்சா?"

கம்பளியை எடுத்துக் காட்டினேன். அவர் கண் மின்னியது.

"தம்பி, பழைய சல்லடத்தப் பார்த்தவன் எவனும் இப்ப உசுரோட இல்ல. இதக் கெட்டிக்கிட்டுப் போய் நின்னா எவன் கேக்கப்போறான்?"

இதில் இத்தனை கண் இருக்கிறதே என்றேன்.

"சாமிக்குக் கண்ணு இருந்தா தப்பா? வாத்தியார்னா எல்லாத்துக்கும் கேள்வியா?"

பள்ளிப் பெஞ்சில் அதை விரித்துப்போட்டுப் பார்த்தார். அலுமினியப் பொடி ஏறிய விரலால் குஞ்சத்தைத் தடவினார். கழுத்துப் பக்கத்தைத் திருப்பினார். கம்பவுண்டர் வியர்வைக்கு அடியில் இன்னும் பழைய கறை ஒன்று, தோள்வரை. குஞ்சம் ஒரு பக்கமாகவே தேய்ந்திருந்தது. நான் எத்தனையோ முறை பட்டியலிட்ட சாமான். ஒருநாளும் என் கண்ணில் படவில்லை.

"இது போர்த்துன துணி இல்ல தம்பி, ஆடுன துணி. சுத்தி வந்து ஆடியிருக்கான். யாரு ஒப்புக்கொடுத்தது?"

இந்தக் கம்பளியை யார் கொடுத்தார் என்று தெரியாது, இப்படி ஒன்றைக் கொடுத்தவர் கதை தெரியும் என்று பத்திரிகையில் படித்ததைச் சொன்னேன். அவருக்கு அண்ணன் தம்பி உண்டா என்று கேட்டார். எழுதவில்லை என்றேன்.

"இருப்பாக. இல்லாம எப்பிடி? இத நான் கெட்டுனா, அங்கன ஒருத்தன் எவன் வாசல்லயாவது போய் நிப்பான். என்னைய மாதிரி."

மடித்து என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

களரியில் அவர் உண்மையைச் சொன்னார். இந்தப் பக்கத்தில் அது அரிதான உத்தி. பங்காளிகளில் மூத்தவர், "சாமி கப்பலேறிருச்சுன்னா களரிய அமெரிக்காவுலயே வச்சுக்கோங்க" என்றாராம். கடைசியில் மூன்று களரி தவணை கொடுத்தார்கள். அதற்குள் சல்லடம் வந்தால் உரிமை திரும்பும். இல்லையென்றால் என்றைக்குமே இல்லை. அதுவரை அவர்கள் ஆள் ஆடுவான்.

மார்ச் முதல் வாரம் அண்ணன் மறுபடி வந்தார். "அவுக துணிய நாம அனுப்பிருவோம். பத்திரமா வந்து சேந்தா, நம்ம துணியத் தேட அவுகளுக்கு மனசு வரும். மிஷன்ல கேட்டா வராது."

மிஷனில் கேட்டால் வராது என்பதற்கு என்னிடம் அப்போதே ஆதாரம் இருந்தது. பிப்ரவரியில் நான் எழுதிய விசாரணைக் கடிதத்துக்கு, பள்ளிக்கு வேதாகமப் படங்கள் தேவையா என்று பதில் வந்திருந்தது. ஆகவே மேலே சொன்ன பொய்யை எழுதினேன். பத்திரிகையில் இருந்த அலாஸ்கா ஊரின் பெயரைப் பார்சலில் எழுதி, பெறுபவர் என்ற இடத்தில் "இந்தக் கம்பளிக்கு உரிய வம்சத்தார்" என்று இங்கிலீஷில் போட்டேன். உள்ளே ஒரு கடிதம். அதைத் தமிழில்தான் எழுதவேண்டும் என்றார் அண்ணன். அவர்களுக்குப் புரியாதே என்றேன்.

"அவுகளுக்கும் இங்கிலீஷ் பின்னால வந்ததுதானே? சும்மா எழுது."

கடைசியில் இரண்டிலும் எழுதினேன். அண்ணன் சொன்னபடி சல்லடத்தின் மணிகளையும் கச்சையின் நிறத்தையும் விவரித்தேன். அவரும் அதைப் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான். மார்ச் 7, திங்கட்கிழமை, சிவகாசி தபாலாபீசில் பார்சலைச் சேர்த்தோம். உள்ளே என்ன என்று குமாஸ்தா கேட்டார். பழைய கம்பளி என்றேன். குளிர் நாட்டுக்குக் கம்பளி அனுப்புகிற முதல் ஆள் நீங்கள்தான் என்றார். முதல் ஆள் இல்லாவிட்டாலும், சரியான திசையில் அனுப்பியவன் நான்தான்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்குக் கம்பவுண்டர் ஜமுக்காளம் போர்த்தி வந்தார். யாரும் வித்தியாசம் காணவில்லை.

மூன்று களரி போயிற்று. சல்லடம் வரவில்லை. 1963 மாசியில் உரிமை பங்காளிகளுக்கே என்று தீர்ந்தது. அண்ணன் கூட்டத்தில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் காலை மருந்து செலுத்தப் போனார்.

வந்தது ஒன்றுதான்: பார்சலோடு அனுப்பிய ஒப்புகைச் சீட்டு, 1960 ஆகஸ்ட் 19 அன்று என் கைக்கு. பெற்றுக்கொண்டவர் கையெழுத்து படிக்க முடியாதபடி இருக்கிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், முதல் எழுத்துகூடப் பிடிபடவில்லை. கையெழுத்திட்டவர் அந்த வம்சத்தாரில் ஒருவரா, அல்லது அந்த ஊர்ப் போதகரா என்பது இதுவரை உறுதிசெய்யப்படவில்லை.